மஞ்சள் பட்டியும் மண்டூர்ப் பாதையும்

வெள்ளி இரவு

மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்தாயிற்று. பைக்குள் இரண்டு சோடி வெள்ளை உடுப்பு, ஒரு கட்டு மஞ்சள் பட்டி, ஒரு கட்டு செம்மஞ்சள் பட்டி, புள்ளித் தாள்கள், பஞ்சு, டெட்டோல். நாளை கல்முனையில் கராத்தே தரப்படுத்தல் பரீட்சை. ஞாயிறு காலை அக்கரைப்பற்று. திரும்பி வரும் வழியில், நேரம் இருந்தால், மண்டூர். அன்றன்று நடந்ததை அன்றன்று இரவே எழுதிப் போட நினைத்திருக்கிறேன். ஆறவிட்டால் எனக்கு எழுத வராது.

இன்று வேலை முடிந்து மட்டக்களப்புப் பட்டணத்திலிருந்து கல்லடிக்கு வரும்போது பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கச்சான் காற்று பின்னேரம் தணியும்போது வாவிப் பக்கமிருந்து ஒரு ஈரம் வரும், அதற்காக. பழைய பாலம் 1924இல் கட்டியது. அன்றைய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம். நான் பொடியனாக இருந்தபோது அந்தப் பக்கமிருந்து பஸ் வந்தால் இந்தப் பக்கம் நாங்கள் காத்து நிற்க வேண்டும். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்த பிறகு பழையது தூண்டில்காரருக்கும் நடக்கிறவர்களுக்கும் என்று ஆகிவிட்டது. இதற்குக் கீழேதான் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். பூரணை இரவில் வள்ளத்தில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும். நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஈரக் கண்ணாடியில் விரலைத் தேய்த்தது போல ஒரு சத்தம்.

என் கல்லடிக் கராத்தே வகுப்புக்கு 26 பிள்ளைகள். பரீட்சைக்கு முதல்நாள் புதிதாக எதுவும் பழக்கக் கூடாது. காட்டா என்றால் வரிசை மாறாமல் தனியே செய்யும் அசைவுகளின் தொகுதி. ஹெயான் ஷோடான் காட்டாவை மட்டும் திருப்பித் திருப்பிச் செய்தோம். மொத்தம் 21 அசைவு. பிள்ளைகள் பிழைவிடுவது பெரும்பாலும் பத்தாவதில்தான். ஒன்பதாவதில் கத்திக்கொண்டு மேல்தடுப்பு வைத்த உற்சாகத்தில் நிற்பார்கள். அங்கிருந்து இடப்பக்கமாக முக்கால் வட்டம் திரும்ப வேண்டும். பாதிப் பேர் வலப்பக்கம் திரும்பி, பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இன்றைக்கு நான்கு பேர்தான் அப்படி நின்றார்கள்.

இரவு சாப்பிட்ட பிறகு பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்தேன். மொத்தம் 44 பெயர். களுவாஞ்சிக்குடி வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். படுவான்கரைப் பிள்ளை, பன்னிரண்டு வயது. மண்டூரிலிருந்து பாதை என்கிற மிதவையில் வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, சைக்கிளில் வகுப்புக்கு வருவாள். மூன்று வாரமாக ஆளைக் காணவில்லை. வீட்டுத் தொலைபேசிக்கு இரண்டு தரம் எடுத்தேன், மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. நாளைக்கு வந்துவிடுவாள் என்று நம்புகிறேன்.

சனி இரவு, காரைதீவு

அவள் வரவில்லை.

காலை ஐந்தேகாலுக்குக் கல்லடிக் கடற்கரையில் பெரிய பிள்ளைகள் எட்டுப் பேரோடு ஓடினேன். ஈரமணலில் ஓடிவிட்டு அதே மணலில் முன்னங்கால் நிலையில் நிற்கச் சொல்வேன். மணல் பொய் சொல்லாது. பாரம் முன்காலில் இருக்கிறதா, பின்குதியில் கிடக்கிறதா என்று கால் எடுத்த குழியைப் பார்த்தால் தெரிந்துவிடும். சுனாமியில் சாய்ந்த கோபுரத்தோடு திருச்செந்தூர் முருகன் கோயில் அந்தக் கரையில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 எங்களில் பலருக்குத் திகதி இல்லை, ஆட்களின் பெயர். இந்த எட்டுப் பேரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பி வரும்போது அவர்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடத் தொடங்குவார்கள். அதைக் காணும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கல்முனைக்கு 40 கிலோமீட்டர் அளவு. காத்தான்குடியில் மத்திய வீதி ஈச்சை மரங்களைத் தாண்டி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், களுதாவளை வெற்றிலைக் கொடிகள், களுவாஞ்சிக்குடி, கல்லாறு. பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்கும். 1961இல் பிரித்தது. அதற்கு முந்திய என் அப்பப்பா கடைசி மட்டும் கல்முனையையும் மட்டக்களப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்கு வந்தது 43 பேர். நடுவர்கள் மூன்று பேர், அதில் நான் ஒருவன். காலை எட்டரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்குத்தான் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம்.

நடந்ததில் ஒன்றைத்தான் எழுத வேண்டும்.

என் கல்லடி வகுப்புப் பொடியன் ஒருவன், வயது பதின்மூன்று, மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு வந்திருந்தான். காட்டாவில் இன்றைக்கு அவன்தான் முதல். ஒவ்வொரு குத்துக்கும் மற்றக் கை இடுப்புக்கு வந்து சேரும்போது சட்டை சடார் என்று சத்தம் போட்டது. பக்கத்து நடுவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு சோடிப் பயிற்சி. ஒருவர் ஐந்து அடி முன்வைத்து முகத்துக்குக் குத்த வேண்டும், எதிரே நிற்பவர் ஐந்து அடி பின்வைத்துத் தடுக்க வேண்டும். தடுப்பவர் பிந்தினால் குத்துபவர் நிறுத்த வேண்டும். இதை முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுப்போம்.

மூன்றாவது அடியில் எதிரே நின்ற பொடியன் பிந்திவிட்டான். குத்து உதட்டில் விழுந்தது. எனக்கு அது பெரிதில்லை, பிள்ளைகளுக்கு நடக்கும். உதட்டில் இரத்தத்தைக் கண்ட பிறகும் இவன் நான்காவது அடியை வைத்தான். நான் கத்தித்தான் நிறுத்தினேன்.

அவனுக்குச் சித்தி போடவில்லை.

தகப்பன் வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். கோபமாக இல்லை, மனவருத்தமாக. "சேர், காட்டாவில அவனை விட ஆரு நல்லாச் செஞ்ச? உங்கட பிள்ளைதானே, நீங்களே மறிச்சா மறுகா அவன் வருவானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. சோடிப் பயிற்சியில் நடந்ததைச் சொன்னேன். "அடிக்கத்தானே சேர் பழக்கிறீங்க?" என்றார்.

கராத்தே படிப்பித்து இருபது வருசம் கடந்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் சுருக்கமான மறுமொழி இல்லை. அந்த 21 அசைவில் முதலாவது தடுப்பு, கடைசி நான்கும் தடுப்பு என்று சொன்னேன். ஹெயான் என்ற பெயருக்கே அமைதி என்றுதான் பொருள். ஒகினாவாவில் இடோசு என்ற ஆசிரியர் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒழுங்குபடுத்தியவை இந்த ஐந்து காட்டாக்களும். பிறகு ஃபுனாகோஷி ஜப்பானுக்குக் கொண்டுபோய் இந்தப் பெயரை வைத்தார். கராத்தேயில் முதல் அடி நம்முடையதில்லை என்று அவர் தன் மாணவர்களுக்கு எழுதியே வைத்தார். எல்லாவற்றையும் தகப்பன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு மகனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வானுக்குப் போனார். பொடியன் என்னைப் பார்க்கவே இல்லை.

அவன் மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்கு ஒரு காரணம் உண்டு. பதினேழு வயதில் நானும் இதே பிழையைச் செய்தேன். என் கூட்டாளியின் முன்பல்லை உடைத்தேன். அது 1990களின் நடுப்பகுதி. பொழுதுபட முன்னம் வகுப்பு முடிந்தாக வேண்டும். வெள்ளை உடுப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்டுவதே ஒரு பாடு. அப்படிக் கஷ்டப்பட்டுப் படிப்பித்த ஆசிரியர் என்னை ஏசவில்லை, வகுப்பை விட்டு அனுப்பவும் இல்லை. பலாக்கொப்பில் நூலைக் கட்டி ஒரு மாவிலையைத் தொங்கவிட்டார். "காத்துல இலை ஆடோணும். கை படக்கூடா" என்றார். மூன்று மாசம் மற்றவர்கள் சோடியாகப் பழக, நான் இலையோடு நின்றேன். கூட்டாளி இப்போது கனடாவில் இருக்கிறான். வீடியோவில் அவன் சிரிக்கும்போது அந்தக் கட்டின பல்லைத்தான் என் கண் தேடும்.

மற்ற 42 பேரும் சித்தி. அந்த உதட்டைத் தவிர யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கன பிள்ளைகள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளியே கவனமாகக் கையை நிறுத்திக்கொண்டார்கள். அந்த விதத்தில் எனக்குத் திருப்தி.

இரவு மச்சான் வீட்டில் தங்கல். விபுலானந்த அடிகள் பிறந்த ஊரில் படுத்திருக்கிறேன். அவர் கட்டியெழுப்பிய சிவானந்தா பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் கல்லடியில் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். மச்சாள் குழல்பிட்டும் பாரைமீன் குழம்பும் வைத்திருந்தா. நித்திரை வருகிறது.

ஞாயிறு இரவு, கல்லடி

இப்போது பதினொன்று தாண்டிவிட்டது. ஆனாலும் இதை இன்றைக்கே எழுதியாக வேண்டும்.

காலை நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று. வழியெல்லாம் சிறுபோக வேளாண்மை கதிர் தள்ளி நிற்கிறது. காற்று அடிக்க அடிக்க வயல் முழுக்கச் சாய்ந்து எழும்புகிறது. அங்கே சீனடி, சிலம்படி என்ற சண்டைக் கலைகளைப் பழக்கும் ஒரு அண்ணாவியாரைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குக் கனநாள் ஆசை. எழுபது வயதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் கலியாண ஊர்வலத்திலும் கந்தூரி இரவுகளிலும் இந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் இந்த விளையாட்டு இல்லாமல் இருக்காது. இப்போது அவரிடம் ஆறு பொடியன்கள் வருகிறார்கள்.

"இரிங்க தம்பி" என்று பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார். பேரப்பிள்ளை தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தாவாரத்தில் செருகியிருந்த பிரம்பை உருவி எடுத்தார். ஒரு துணியால் அதை நுனியிலிருந்து அடிவரை துடைத்தார். பிறகு சலாவரிசை.

அதை எப்படி எழுதுவது? முதலில் நிலத்தைத் தொட்டார். கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். கம்பு முதுகுக்குப் பின்னால் போய் மற்றக் கைக்கு மாறியது, மாறினதை நான் காணவில்லை. நான்கு பக்கமும் திரும்பி, பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சலாம் வைத்தார். தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற பேத்திக்கும் வைத்தார். எங்கள் வகுப்பிலும் தொடக்கமும் முடிவும் வணக்கம்தான். ஆனால் என் பிள்ளைகள் ஓஸ் என்று சொல்லித் தலையைக் குனிந்து ஒரு செக்கனில் நிமிர்ந்துவிடுவார்கள். இவருக்கு அது மூன்று நிமிசம் எடுத்தது.

பேச்சுவாக்கில் நேற்றைய பொடியனின் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னை முற்றத்தின் நடுவில் நிற்க வைத்தார். "கண்ண மூடப்படா" என்றார். கம்பு சுழன்றது. இடது காதில் உய் என்று ஒரு சத்தம். காதுமடல் குளிர்ந்தது. பார்த்தால் பிரம்பு என் காதோரத் தலைமயிரைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நிற்கிறது. தோலில் படவில்லை. அந்த வயதில் அவர் கையில் ஒரு நடுக்கமும் இல்லை.

கம்பை என்னிடம் தந்து, "இப்ப நீங்க எனக்கு" என்றார்.

சுழற்றினேன். அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். எனக்கு அது நல்ல நிறுத்தமாகத்தான் பட்டது. அவர் தலையை ஆட்டினார். "தம்பி, கம்பு போகவே இல்லியே. என்னத்த நிப்பாட்டுற?"

இன்னும் ஒரு தரம். மறுபடி ஒரு சாண். "நீங்க என்னக் காப்பாத்தல்ல. உங்களுக்குப் பயம்" என்றார். பேச்சில் குத்தல் இல்லை. கால் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்கே நின்றேன். கடைசியில் நான்கு விரல் அளவுக்கு வந்தேன். அதற்குள் என் உடுப்பு நனைந்து பிழிகிற மாதிரி ஆகிவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் நேற்றைய 42 பேர்தான் மனசில். போட்டியில் ஒரு குத்துக்குப் புள்ளி கொடுக்க ஆறு விடயம் பார்க்க வேண்டும் என்று படித்தவன் நான். சரியான தூரம் அதில் ஒன்று. 14 வயதுக்குக் கீழே முகத்தில் தொடவே கூடாதுதான். ஆனால் எட்டாத குத்துக்கும் அங்கே புள்ளி இல்லை. ஒரு முழம் தள்ளி நிறுத்திய பிள்ளைகள் எதையும் நிறுத்தவில்லை. அவர்களின் குத்து போகவே இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குத்திய ஒரு பிள்ளைக்கும் நான் சித்தி போட்டிருக்கிறேன். பல் உடைத்த பதினேழு வயதுப் பயம் இன்னும் என் கைக்குள் கிடக்கிறது. அந்தப் பயத்தைத்தான் கட்டுப்பாடு என்று பெயர் வைத்து இத்தனை வருசமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதுதான் உண்மை.

குருமண்வெளித் துறைக்கு வரும்போது மூன்றரை. பாதை அக்கரையில் நின்றது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் எங்களுக்கு வாவியைக் கடக்கும் மிதவை. ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், மரக்கறிச் சாக்கு எல்லாம் ஏறும். சூரியன் எழும்பும் கடல் பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. நடுவில் இந்தத் தண்ணீர். பாதைக்குக் காத்து நின்ற அரைமணி நேரத்தில் அந்தப் பிள்ளையை நினைத்தேன். ஒவ்வொரு சனியும் இந்த மரத்தடியில்தான் வெள்ளை உடுப்பைப் பையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். ஒரு நாளும் அவள் வகுப்புக்குப் பிந்தியதில்லை.

மண்டூர் முருகனை இந்தப் பக்கத்தில் சின்னக் கதிர்காமம் என்பார்கள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் அங்கே பூசை. வெளிவீதியில் கும்பிட்டுவிட்டு, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

படலையைத் திறந்ததும் முற்றம். மண் முற்றம், காலையில் கூட்டிய விளக்குமாற்று வரிகள் ஓரத்தில் அப்படியே இருந்தன. நடுவில் மட்டும் வரிகள் அழிந்து காலடிகள். நீளமாக ஒரு கோடு, இரண்டு முனையிலும் குறுக்குக் கோடு. நான் படலைக்குள்ளேயே நின்றுவிட்டேன். ஹெயான் ஷோடான் போட்டு முடித்தால் நிலத்தில் விழுகிற கோலம் அதுதான். பத்தாவது அசைவு வருகிற இடத்தில் பெருவிரல் பந்து ஊன்றித் திரும்பிய குழி ஆழமாகக் கிடந்தது. சரியான பக்கம் திரும்பியிருந்தாள்.

அம்மம்மா திண்ணையில் இருந்தா. தாய் வெளிநாட்டில். கதிரை போட்டு, தயிரும் வாழைப்பழமும் தந்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினா. "பிள்ளை பெரியபிள்ளையாயிட்டா தம்பி. மூணு கிழமை. இனி என்னத்துக்கு அவளுக்கு உதெல்லாம்? பாதையால தனியப் போய் வாற வேலையும் இனிச் சரிவரா." நான் எதிர்த்துப் பேசவில்லை. தாயில்லாத வீட்டில் ஒரு பிள்ளையை வளர்க்கிற மனுசி, என்னை விட அவவுக்குத்தான் பாரம் கூட. என் பெரிய மாணவி ஒருத்தி இருக்கிறா, மண்ணிறப் பட்டி, ஞாயிற்றுக் கிழமைகளில் இங்கேயே வந்து இந்த முற்றத்தில் பழக்கலாம், பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகளும் சேரலாம் என்று மட்டும் சொன்னேன். "பாப்பம்" என்றா.

பிறகு அவவே உள்ளே பார்த்து, "வந்து சேருக்குச் செஞ்சு காட்டன்" என்றா.

பிள்ளை வந்தாள். மூன்று வாரத்தில் வளர்ந்துவிட்டது போல ஒரு தோற்றம். பாவாடை சட்டையோடுதான் செய்தாள். 21 அசைவும். கடைசி நான்கு தடுப்பிலும் பாரம் பின்காலில் அப்படியே இருந்தது. நான் எழும்பி எதிரே நின்று, முகத்துக்குக் குத்தச் சொன்னேன். அடி வைத்தாள். முட்டி என் மூக்குக்கு இரண்டு விரல் தள்ளி வந்து நின்றது. காற்று பட்டது.

"ஆரிட்ட பழகின?"

"தம்பியோட சேர். பட்டா அழுவான், அம்மம்மா ஏசுவா. தூர நிப்பாட்டினா படல்ல படல்ல எண்டு நக்கலடிப்பான்."

திண்ணைத் தூணுக்குப் பின்னாலிருந்து ஏழு வயதுப் பொடியன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

யானை வரும், இருட்ட முன்னம் வெளிக்கிடுங்க தம்பி என்று அம்மம்மா அவசரப்படுத்தினா. வெல்லாவெளி, போரதீவு வழியாகச் சுற்றி, பட்டிருப்புப் பாலத்தில் வாவியைக் கடந்து வந்தேன். வழியில் யானை ஒன்றையும் காணவில்லை. வாழைத் தோட்டம் ஒன்று பாதி மிதிபட்டுக் கிடந்ததைக் கண்டேன்.

திங்கள் இரவு

மண்ணிறப் பட்டிக்காரி சம்மதம். இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை போகலாம், பஸ்காசு மட்டும் தந்தால் போதும் என்கிறா. மண்டூரிலிருந்து இன்னும் பேச்சில்லை. புதன்வரை பார்த்துவிட்டு நான் எடுப்பேன்.

புள்ளித் தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒன்பது பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் போட்டிருக்கிறேன். கொடுத்த பட்டியைத் திருப்பிக் கேட்கமாட்டேன். அவர்கள் செய்தது நான் பழக்கியதைத்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த ஒன்பது பேரோடும் நானே சோடியாக நிற்பேன். அக்கரைப்பற்றுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை போவதென்றும் முடிவெடுத்திருக்கிறேன்.

பின்னேரம் அந்தப் பொடியனின் வீட்டுக்குப் போனேன். தகப்பன் கேற்றைத் திறந்தார், அதிகம் பேசவில்லை. பொடியன் உடுப்பு மாற்றாமல் பள்ளிக்கூடக் காற்சட்டையோடு வந்து நின்றான். அவர்கள் வீட்டு வேப்பங்கொப்பில் நூலைக் கட்டி ஒரு மாவிலையைத் தொங்கவிட்டேன். என் ஆசிரியர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். இலை ஆட வேண்டும், கை படக் கூடாது. அவன் செய்ய முன்னம் நான் மூன்று தரம் செய்தேன். மூன்றாவதில்தான் இலை ஆடியது.

அவனுடைய முதல் குத்தில் இலை கிழிந்தது. புதிது ஒன்று கட்டினேன். அடுத்த குத்து ஒரு முழம் தள்ளி நின்றது. தகப்பன் திண்ணையிலிருந்து எழும்பி, எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"இன்னும் கிட்ட" என்றேன்.